46,000 யென் போய்விட்டது: பழைய பாட்ரியோ பக் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஜப்பானில் இருந்துகொண்டு பழைய போக்கிமான் பாட்ரியோ பக் சேர்க்கிற நம்மவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். இன்னொருவர் மாட்டிக்கொள்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. பாட்ரியோ என்பது 2007 ஜூலையில் ஜப்பானில் வந்த ஆர்கேட் விளையாட்டு. 100 யென் காசு போட்டால் ஒரு பக் விழும். கேரம் காயை நினைவூட்டும் வட்டமான பிளாஸ்டிக் வில்லை, மேலே ஒரு போக்கிமான் படம். மூன்று பக்கைப் பலகைமேல் வைத்து நகர்த்திச் சண்டை போட வேண்டும். 2012இல் ட்ரெட்டா என்ற அடுத்த போக்கிமான் விளையாட்டு வந்ததும் பாட்ரியோ ஓய்ந்துபோனது. அப்புறம் 2016இல் கா ஓலே, 2020இல் மெசாஸ்டார், 2024இல் ஃப்ரெண்டா என்று வரிசையாக மாறிவிட்டது. பாட்ரியோ இயந்திரத்தை நான் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகிறது. வாங்கிய பக் நிஜமா என்று இயந்திரத்தில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு இதுதான் வசதி.

2009இல் என் மகளுக்கு ஐந்து வயது. டோக்கியோவின் நிஷி கசாயில் நாங்கள் காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட்டின் மாடியில் அந்த இயந்திரம் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். டியால்கா என்ற போக்கிமானின் பக் விழுந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள். 2013இல் வீடு மாற்றும்போது அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டவன் நான். அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது படிப்பு முடிந்து ஏப்ரல் 1 அன்று வேலைக்குச் சேர்கிறாள். அன்றைக்கு அந்தப் பக்குகளை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

தனி ஆட்கள் பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில் கிடைத்தது. ஃபைலோடு 60 பக். டியால்கா, பால்கியா, கிராடினா, ஆர்சியஸ் எல்லாம் இருந்தன. விலை 46,000 யென். விற்றவருக்கு இருநூற்றுக்கும் மேல் நல்ல மதிப்பீடு. 'என் மகன் சின்ன வயதில் சேர்த்தவை, நல்ல கைக்குப் போகட்டும்' என்று எழுதியிருந்தார். நானும் என் மகள் கதையைச் சொன்னேன். 'படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது' என்று பதில் வந்தது. அங்கேதான் விழுந்தேன். பிள்ளைக்காக ஏங்குகிற இன்னொரு பெற்றோர் என்று முழுசாக நம்பிவிட்டேன்.

பார்சல் வந்தது. பிரித்தேன், எண்ணினேன், 60 சரியாக இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் பளபளவென்று இருந்தன. அதற்குள் செய்தி: 'மகனுக்குப் பள்ளிப் பணம் கட்ட வேண்டும், இன்றைக்கே பெற்றுக்கொண்டதாக மதிப்பீடு போட முடியுமா?' இந்த மாதிரிச் செயலிகளில் நாம் கொடுக்கும் பணம் உடனே விற்றவருக்குப் போகாது. நாம் 'வந்து சேர்ந்தது' என்று மதிப்பீடு போட்ட பிறகுதான் போகும். பாவம், அவசரம் போல என்று அழுத்திவிட்டேன்.

மறுநாள் துடைத்து வைக்கலாம் என்று ஆர்சியஸை உறையிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் நகம் தட்டியது. மெல்லிய ஸ்டிக்கர். உரித்தால் அடியில் பொச்சாமா என்ற வேறொரு போக்கிமான் சிரித்துக்கொண்டிருக்கிறது. டியால்காவை உரித்தேன், அங்கேயும் ஒரு சாதாரண பக். சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தேன். விலையுள்ளவை என்று நான் நம்பிய 22 பக்கும் ஸ்டிக்கர். மற்ற 38ம் எங்கேயும் மலிவாகக் கிடைப்பவை. இதற்கா 46,000 யென்?

விற்றவர் பதிலே போடவில்லை. செயலிக்காரர்களுக்குப் படங்களோடு எழுதினேன். 'மதிப்பீடு முடிந்த பரிவர்த்தனையில் தலையிட இயலாது, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளவும்' என்று வந்தது. பேச ஆள் எங்கே? பெயர் தெரியாத முறையில் அனுப்பிய பார்சல், முகவரிகூட எனக்குத் தெரியாது. திரும்ப எழுதினேன். அதே வரிகள், கீழே வேறொருவர் பெயர். மூன்றாம் முறை பதில் இல்லை. பக்கத்து கோபானுக்கு, அதாவது சின்ன போலீஸ் சாவடிக்குப் போனேன். அந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் இது தனியார் விவகாரம் என்று கை விரித்துவிட்டார். நுகர்வோர் உதவி எண்ணான 188க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். இரண்டு தனி ஆட்களுக்கு இடையிலான விற்பனை என்பதால் ஆலோசனைதான் சொல்ல முடியும் என்றார்கள். 46,000 யென்னை யார் திருப்பித் தருவார்கள் என்று யாருமே சொல்லவில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். மேல், கீழ், பக்கவாட்டு மூன்றையும் கிட்டத்தில் படம் கேளுங்கள். வந்ததும் உறையிலிருந்து எடுத்து ஓரத்தை நகத்தால் தடவுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் மதிப்பீடு போடாதீர்கள், எதிரே யார் அழுதாலும் சரி. அந்த இருநூறு மதிப்பீட்டை நான் முன்பே திறந்து பார்த்திருக்க வேண்டும். முக்கால்வாசி 300 யென் குழந்தைத் துணிகளுக்கு வந்தவை.

இன்று காலை பார்த்தேன். அதே படம், அதே ஃபைல், அதே ஆர்சியஸ் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை 44,000 யென். 'என் மகன் சின்ன வயதில் சேர்த்தவை' என்ற வரியும் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.