கார் ஆம்ப்ளிஃபையரும் ஓம் கணக்கும்: நான்காண்டு அனுபவம்

குளச்சலில் கடலுக்கு அருகே வீடு, நாகர்கோவிலில் வேலை. போகவர வில்லுப்பாட்டுப் பதிவுகள் கேட்பது என் வழக்கம். காரோடு வந்த ஸ்பீக்கரில் குடம் அடிக்கும் ஒலி தகரம் தட்டுவதுபோல் கேட்டதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரும் தாழ்ந்த ஒலிக்கான 12 அங்குல ஸ்பீக்கரான சப்வூஃபரும் பொருத்தினேன். முன்கதவு ஸ்பீக்கர்களுக்குத் தலைக்கொரு சேனல். மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனல்போல் சேர்த்து, சப்வூஃபருக்குக் கொடுத்தார்கள்.

முதல் மாதமே தொல்லை தொடங்கியது. சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால், திங்கள்சந்தை தாண்டுவதற்குள் ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி பாடும். பொருத்திய கடையில் பெரிய ஆம்ப்ளிஃபையராக மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன்பாக, சப்வூஃபர் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 1.7 ஓம் காட்டியது. இந்த ஓம், அதாவது மின்தடை, குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடும்.

அந்தச் சப்வூஃபரில் 4 ஓம் வாய்ஸ் காயில்கள் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்கள்) இரண்டு உண்டு. (மீட்டர் டிசி தடையை மட்டும் அளப்பதால், 4 ஓம் காயிலுக்கு 3.2 முதல் 3.6 வரை காட்டுவது இயல்பு.) கடையில் இரண்டையும் இணையாகச் சேர்த்ததால் மொத்தம் 2 ஓம் ஆகியிருந்தது. பிரிட்ஜில் இரு சேனல்களும் சுமையைப் பாதிப் பாதியாகத் தாங்குவதால், ஒவ்வொரு சேனலும் 1 ஓம் ஸ்பீக்கரை ஓட்டுவதுபோல் திணறியிருக்கிறது. தனிச் சேனலுக்கு 2 ஓமுக்கும் பிரிட்ஜுக்கு 4 ஓமுக்கும் கீழே போகக் கூடாது என்று கையேட்டில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். நானும்தான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு காயிலின் மைனஸ் முனையை மற்றதன் பிளஸ் முனையோடு ஒரு துண்டு ஒயரால் சேர்த்துத் தொடராக்கினேன்; 8 ஓம் ஆயிற்று. அதன்பின் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. ஆனால் 4 ஓமில் 200 வாட் தரும் பிரிட்ஜ் 8 ஓமில் ஏறத்தாழ 100 வாட்தான் தரும் என்பது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, 2 ஓம் காயில்கள் இரண்டு கொண்ட சப்வூஃபர் வாங்கித் தொடராக இணைத்து 4 ஓமுக்கு வந்தேன். உள்ளதைச் சொன்னால், வாட் இரட்டித்தும் கூடியது 3 டெசிபல் மட்டுமே; செலவழித்த பணத்துக்கு அது ஈடில்லை.

பெரிய மாற்றத்தைத் தந்தது பவர் கேபிள்தான். குடத்தின் ஒவ்வோர் அடிக்கும் டேஷ்போர்டு விளக்கு மங்குவதைக் கண்டு, பேட்டரி முனையில் கேபிளைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். செம்பு என்று விற்ற 8 கேஜ் கேபிளில் செம்பு வெறும் முலாம். உள்ளே வெளுத்த அலுமினியம், அதுவும் உப்புக் காற்றில் மாவாகப் பூத்திருந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் நீளத்துக்கு, 40 ஆம்பியர் ஓடும்போது அத்தகைய கேபிளிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். அசல் செம்பில் 4 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கேபிள் தடிமன்) போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. அதையே போட்டு, பேட்டரியை ஒட்டி 60 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் முடுக்கிய பிறகு விளக்கு மங்கவில்லை.

கடந்த ஆடிச் சாரலில் வலக் கதவு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியது. கதவின் உள்ளட்டையைக் கழற்றினால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் பச்சைக் களிம்பு. ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். அவசரத்தில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டதால் இரு கதவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் எனும் தாழ்ந்த ஒலி காணாமல் போயிற்று. ஸ்பீக்கர் ஒயர்களில் 1.5 வோல்ட் பேட்டரியைப் பிளஸுக்குப் பிளஸாகத் தொட்டு, கூம்பு வெளிப்பக்கம் தள்ளுகிறதா என்று பார்த்துத் திருத்தினேன். இடக் கதவை இன்னும் திறக்கவில்லை. அதுவும் அதே கை முறுக்கிய இணைப்புதான்.