பெருங்குடல் புற்றுநோய்க்கு மெலடோனின் மாத்திரை: நாங்கள் ஏமாந்த விதம்

பெருங்குடலில் இருந்த கட்டியை அகற்றிய பிறகு, நிணநீர்க் கணுக்களிலும் நோய் பரவியிருந்ததால், எட்டு வாரங்களுக்குள் கீமோ தொடங்க வேண்டும் என்று மருத்துவர் என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில், உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான ஊட்டச்சத்து ஆலோசகர், கீமோ உடம்பை உருக்கிவிடும் என்று பயமுறுத்தி, இரவில் தூக்க ஹார்மோனான மெலடோனின் மாத்திரைகள் நான்கு போதும் என்று அம்மாவை நம்பவைத்து, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவர் காட்டிய ஆய்வுகள் பொய்யல்ல. ஏமாந்ததற்குக் காரணமே அதுதான். இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி சுரக்கும் இந்த ஹார்மோன் குடலிலும் உருவாகிறது என்பதும், ஆய்வகத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தை அது குறைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செல்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவு, மாத்திரை விழுங்குபவரின் இரத்தத்தில் சேர்வதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம் என்பதை அவர் சொல்லவில்லை. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 709 பேரில் ஒரு பாதிக்கு ஓராண்டு இரவுதோறும் 20 மி.கி. மெலடோனினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் விகிதம் இரண்டு ஆண்டுகளில் கூடவில்லை என்று 2021-ல் முடிவு வெளியானது. அதையும் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், காலையில் இட்லித் தட்டின் முன்னால் அம்மா கண் செருகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நான் புட்டியைக் கையில் எடுத்தேன். விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டியபோது, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஆங்கில வரி அடியில் இருந்தது. உணவுச் சத்துப் பொருளாக விற்பதற்குக் கட்டாயமான அந்த வரியைத்தான் மறைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்பதற்கும் உறுதியில்லை: கனடாவில் 2017-ல் சோதித்த 31 மெலடோனின் தயாரிப்புகளில் எட்டில் செரடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளும் கலந்திருந்தது.

அம்மாவுக்குக் கீமோ தொடங்கியது பதினோராவது வாரத்தில். தாமதம் நீளநீளப் பலன் குறையும் என்று மருத்துவர் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

தூக்கத்துக்காக மெலடோனின் தேவைப்பட்டால் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்; இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு அதனால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை இந்தியாவின் 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. புட்டி, பணம் கட்டிய ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் மூன்றையும் இணைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுத்திருக்கிறேன். இதே வாக்குறுதியோடு உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், கீமோவுக்குக் குறித்த தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.