பல்லவனா, பாட்டியாலாவா, பக்கத்து வீட்டுச் சாவியா?

காரைக்குடிப் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பல்லவன் ரயில் ஏறி சென்னைக்கு, சினிமாவுக்குப் போகலாமா, இல்லை, விளையாட்டில் ஏதாவது பார்க்கலாமா? மூன்றாவது வழி ஒன்று தெருவிலேயே பூட்டிக் கிடக்கிறது: படப்பிடிப்புக்கு நம் ஊர் வீடுகளைப் பார்த்துக்கொடுக்கும் வேலை. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

விளையாட்டில் காகிதம் இல்லாமல் கதவு திறக்காது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி உள்ளூரிலேயே இருக்கிறது. பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் 2 வருடம், வீட்டுச் சாப்பாடு. ஆனால் அதைப் படித்தால் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் ஆகலாம், கோச் வேலை வேறு. அதற்குப் பஞ்சாபில் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ வேண்டும். 1 வருடம், ஒரே விளையாட்டு, அதில் நீங்கள் ஆடிக் காட்டியும் இருக்க வேண்டும். அங்கேயே 6 வாரச் சான்றிதழ் வகுப்பும் உண்டு. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள், தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை இப்போதே அரசாணையில் பார்த்துவிடுங்கள்.

சினிமாவில் நிலைமை நேர் எதிர். கேமரா, ஒலி, எடிட்டிங் என்றால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் முறையாகப் படிக்கலாம். டைரக்‌ஷனுக்கு மட்டும் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வதுதான் இன்றும் பெரிய வழி. கையில் வருவது சொற்பம், அதுவும் படம் நடந்தால்தான். அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டு விற்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போன செட்டியார் வீட்டுப் பையனும் எடுத்தவுடன் கடையை நடத்தும் ஏஜென்ட் ஆகவில்லை. எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, அப்புறம்தான் ஏஜென்ட். ஏஜென்டுக்குக் கணக்கு 3 வருடம். முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும். சென்னைக்கும் அதே கெடுவை வையுங்கள். 3 வருடத்தில் ஒரு படத்திலாவது பூஜையிலிருந்து ரிலீஸ் வரை நிற்கவில்லை என்றால் திரும்பி வருவதில் வெட்கமில்லை.

ஏ.வி.மெய்யப்பன் தன் ஏ.வி.எம். ஸ்டூடியோவை முதலில் போட்டது நம் தேவகோட்டை ரஸ்தாவில்தான். 1948இல் அது சென்னைக்குப் போய்விட்டது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் போகவில்லை. கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் படப்பிடிப்புக் குழுக்கள் இன்றும் வருகின்றன. லொகேஷன் பார்த்துக்கொடுக்கும் வேலையில் உள்ளூர்ப் பையனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள்; ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். எந்தத் தேதியில் படைப்பு (முன்னோருக்குப் படையல்), எப்போது கல்யாணம் என்று தெரிந்திருக்க வேண்டும். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், கேமரா ட்ராலி போடும் முன் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் கனமான விரிப்பு விரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு யூனிட் அதைச் செய்யாமல் போட்ட கீறலுக்கு ஆச்சி ஒருவரிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

குறையும் உண்டு. அடுத்த யூனிட் எப்போது வரும் என்று தெரியாது, சான்றிதழும் கிடைக்காது. அதனால் இதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் சென்னைக்குப் போய் வாய்ப்புக் கேட்டு நிற்கும் உதவி இயக்குநர்கள் இங்கே வந்தால் உங்களிடம்தான் சாவி கேட்பார்கள். நானாக இருந்தால் பி.பி.எட். சேர்ந்துவிட்டு, விடுமுறை நாட்களில் இந்த வேலையைப் பார்ப்பேன். நாலு யூனிட்டில் முகம் பழகிய பிறகு பல்லவன் ஏறுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம். ஒன்று மட்டும்: அட்வான்ஸ் கைக்கு வராமல் பூட்டைத் திறக்காதீர்கள்.