திசையன்விளையிலிருந்து ஆய்க்குடி வரை: அண்ணனின் தண்டுவடச் சிகிச்சை

இந்த முறை மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போன விடுப்பு அண்ணனோடே கழிந்தது. பெரியப்பா மகன், திசையன்விளை பக்கம் பனையேறுகிறவர். பதநீர் சீசனில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லோடு ஆட்டோவில் கொண்டு போயிருக்கிறார்கள். முதுகில் அடிபட்டவரை அப்படித் தூக்கவே கூடாது. 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. செலவில் பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டது. குறை அதற்கு அப்புறம்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி செய்யவும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர் டியூபை எப்போது மாற்றுவது என்று யாரும் சொல்லவில்லை. நான் போனபோது படுக்கைப் புண் வந்திருந்தது.

"அடிபட்டது முதுகுலதான தம்பி? ஒண்ணுக்கு வாரது ஏன் அவுகளுக்குத் தெரிய மாட்டேங்கு?" என்று மதினி கேட்டார்கள்.

விளக்கியவர், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட். ஸ்கேன் உறையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டுதான் தண்டுவடம். பெரியவர்களுக்கு அது சுமார் 45 செ.மீ. நீளம்தான், முதுகெலும்பு அதைவிட நீளம். கருவில் மூன்றாம் மாதம் வரை இரண்டும் ஒரே அளவு. பிறகு எலும்பு வேகமாக வளர்ந்துவிடுவதால், தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால் போலத் தொங்கும். அண்ணனுக்கு உடைந்தது மார்புப் பகுதியின் 12வது, அதாவது கடைசி எலும்பு. அந்த எலும்புக்குள் இருப்பதோ காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நரம்பு அனுப்புகிற கீழ்ப்பகுதி. எலும்பு உடைந்த இடம் ஒன்று, பாதிப்பு தெரியும் இடம் வேறு என்பது அப்போதுதான் மதினிக்குப் பிடிபட்டது.

கையும் மூச்சும் தப்பியதற்கும் காரணம் சொன்னார். மூச்சுக்கான உதரவிதான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவடப் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. அது அடிபட்ட இடத்துக்கு வெகு மேலே.

புண் ஏன் வலிக்கவில்லை என்று நான் கேட்டேன். மொத்தம் 31 ஜோடித் தண்டுவட நரம்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்: பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும், முன்வேர் தசைக்குக் கட்டளையை வெளியே கொண்டுபோகும். நடுவில் பாதை அறுந்தால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. வலிக்காததால் உடம்பு தானாகப் புரளாது, ஒரே இடம் அழுந்திப் புண்ணாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதன் காரணம் இதுதான். காரணம் தெரிந்தபின் மதினி இரவிலும் அலாரம் வைத்துப் புரட்டுகிறார்கள்.

அப்புறம் தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்குப் போனோம். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தண்டுவடம் பாதித்தவர்கள் தங்கிப் பயிற்சி பெற அங்கே வசதி உண்டு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, நேரம் பார்த்துத் தானே டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது எல்லாம் பழகினால்தான் வரும். அண்ணன் பெயரைக் கொடுத்திருக்கிறோம். புண் ஆறியதும் சேர்த்துவிடுவோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இப்படி ஒரு நிலை வந்தால் பணம் அனுப்புவதோடு, டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் போனிலாவது இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்டுவடத்தில் எந்த மட்டம், பாதிப்பு முழுமையா பகுதியா? அடுத்து எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது அதை வைத்துத்தான்.