50 வெள்ளி யூஎஸ்பி கிகாபிட் அடாப்டர்: ஈத்டூல் என்ன சொல்கிறது?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் யூஎஸ்பி லேன் அடாப்டருக்குப் பஞ்சமே இல்லை: யூஎஸ்பி துளையில் செருகி இணையக் கம்பி மாட்டும் சாமான் அது. கேள்விப்படாத பிராண்ட், அலுமினிய உடல், ஒரு சாண் ஒயர், சுமார் 50 வெள்ளி. உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் இருந்தால் கொடுத்த காசுக்குத் தாராளமாகத் தகும். 8152 என்றால் அது 100 எம்பிபிஎஸ்தான், யூஎஸ்பி 2.0தான், விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

லினக்ஸ் மடிக்கணினி கையில் இருந்தால் கடைக்காரத் தவுக்கேயிடம் கேட்டுக் கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள். 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையில் 0பிடிஏ:8153 என்று வரவேண்டும். அதே கட்டளையோடு '-டி' சேர்த்தால் வேகம் தெரியும். 5000எம் இருந்தால் சரி. 480எம் காட்டினால் உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள்: யூஎஸ்பி 3 பிளக்கில் பழைய நான்கு தொடர்புகள் முன்னால், புதிய ஐந்து உள்ளே தள்ளி இருக்கும். மெதுவாகச் செருகினால் முன்னால் உள்ளவை முதலில் தொட்டு, 2.0 ஆகவே உட்கார்ந்துவிடும். கழற்றி ஒரே மூச்சில் செருகுங்கள். அப்போதும் 480 என்றால் பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள். நீல பிளாஸ்டிக் மட்டும் வைத்து, உள்ளே அந்த ஐந்து ஊசிகள் இல்லாத சாமானும் உண்டு.

அடுத்து ஈத்டூல், அடாப்டரின் நிலையைக் காட்டவும் மாற்றவும் உதவும் லினக்ஸ் கட்டளை. 'ஈத்டூல் -ஐ', பின்னால் இடைமுகத்தின் பெயர், அதாவது அடாப்டருக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். பெயர் பெரும்பாலும் 'ஈஎன்எக்ஸ்' என்று தொடங்கி மேக் முகவரியையே (அடாப்டரின் வன்பொருள் எண்) வாலாக வைத்திருக்கும். டிரைவர் 'ஆர்8152' என்று வந்தால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். 8153க்கும் அதே டிரைவர்தான். கவலைப்பட வேண்டியது 'சிடிசி_ஈதர்' அல்லது 'சிடிசி_என்சிஎம்' வரும்போது. தயாரிப்பாளர் தன் சொந்த அடையாள எண்ணைப் போட்டு, அது டிரைவரின் பட்டியலில் இல்லாவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் பொது டிரைவரைக் கட்டிவிடும். இணையம் வரும், ஆனால் ஆஃப்லோட் (சிபியூவின் வேலையைச் சிப்பே ஏற்றுக்கொள்வது) எதுவும் கிடைக்காது.

இனிதான் முக்கியமான கட்டளை: 'ஈத்டூல் -கே'. சின்ன எழுத்துக் 'கே' காட்ட மட்டும், பெரிய எழுத்துக் 'கே' மாற்ற. நீளமான பட்டியல் வரும். நல்ல 8153இல் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

ஆர்எக்ஸ்-செக்சம்மிங்: ஆன்
டிஎக்ஸ்-செக்சம்மிங்: ஆன்
டிசிபி-செக்மென்டேஷன்-ஆஃப்லோட்: ஆன்
ஜெனரிக்-ரிசீவ்-ஆஃப்லோட்: ஆன்
லார்ஜ்-ரிசீவ்-ஆஃப்லோட்: ஆஃப் [ஃபிக்ஸ்ட்]

செக்சம் என்பது தரவு கெட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண். 'ஃபிக்ஸ்ட்' என்றால் சிப்போ டிரைவரோ அந்த வசதியை மாற்றவிடாது. கடைசி வரி அப்படி இருப்பது கோளாறு இல்லை. மூன்றாவது வரிதான் டிஎஸ்ஓ: பெரிய துண்டை கெர்னல் அப்படியே கொடுக்க, அடாப்டர் அதை 1448 பைட் வீதம் வெட்டி அனுப்பும். இதனால்தான் அனுப்பும் பக்கம் பொட்டலங்களைப் படம் பிடிக்கும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் 'லெங்த் 2896' என்று எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) மிஞ்சிய பொட்டலம் தெரிகிறது, செக்சம் 'இன்கரெக்ட்' என்றும் வருகிறது. டிசிபிடம்ப் படம் பிடிப்பது சிப் வேலை செய்வதற்கு முன்பு. கம்பியில் போவது சரியாகவே போகிறது. இதைப் பார்த்துவிட்டு அடாப்டரைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, பாவம்.

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 5000எம் போர்ட்டில் 940 எம்பிபிஎஸ் பக்கம் வரவேண்டும். 300 சொச்சத்தில் நின்றால் 2.0 போர்ட்தான் காரணம், ஆஃப்லோட் இல்லை. பெரிய எழுத்து '-ஆர்' போட்டு எதிர்த்திசையும் அளந்து பாருங்கள்.

யூனிஃபை (டிஎம் நிறுவனத்தின் ஃபைபர் இணையம்) இணைப்புக்கு ரௌட்டராக வைக்க வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விலேன் 500 (ஒரே கம்பிக்குள் பிரித்த தனி வழி), அதன் மேல் பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை), எம்டியூ 1492. விலேன் வரைக்கும் டிஎஸ்ஓ கைகொடுக்கும். பிபிபி இடைமுகத்துக்கு அது கிடையாது, வெட்டும் வேலை சிபியூ தலையில்தான். சின்ன போர்டு கணினி திணறினால் அடாப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாம் ஆன் என்பது எப்போதும் நல்லதும் இல்லை. 2017இல் டெல் டிபி16 டாக்கில் (மடிக்கணினியின் இணைப்புத் துளைகளைப் பெருக்கும் பெட்டி) இதே சிப் குடும்பத்துக்கு ஒரு சங்கடம் வந்தது: செக்சம் சரி என்று சிப் முத்திரை குத்திய பிறகு, யூஎஸ்பி வழியில் தரவு கெட்டது. சிப்பின் வார்த்தையை நம்பிய கெர்னல் மறுபடி சரிபார்க்கவில்லை. அந்த டாக்குக்கு மட்டும் முதலில் ஆர்எக்ஸ் (பெறும் பக்கம்) செக்சமை டிரைவரே அணைக்கும்படி செய்தார்கள். மலிவான ஹப் வழியாகச் செருகும்போது தொலைக் கணினியில் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு 'கரப்டட் மேக் ஆன் இன்புட்' (இந்த மேக் முகவரி அல்ல, தரவின் சரிபார்ப்பு முத்திரை) என்று அறுந்தாலோ, இறக்கிய கோப்பின் கைரேகையான எஸ்எச்ஏ256 பொருந்தாவிட்டாலோ இதே சந்தேகம் வரலாம். 'ஈத்டூல்', பெரிய எழுத்து '-கே', இடைமுகம், 'ஆர்எக்ஸ் ஆஃப்' கொடுத்து மறுபடி இறக்கிப் பாருங்கள். இப்போது பொருந்தினால் ஹப்பைத் தூக்கிப் போட்டு நேராகச் செருகுங்கள். அணைத்தே வைத்திருப்பது மருந்து இல்லை, பரிசோதனைதான்.

இப்படி மாற்றியது கழற்றிச் செருகினாலே போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்புக்கு 'ஈத்டூல்.ஃபீச்சர்-ஆர்எக்ஸ் ஆஃப்' என்று அதன் கட்டளையான என்எம்சிஎல்ஐ வழியாக எழுதி, இணைப்பை ஒருமுறை அணைத்து எழுப்பிவிடுங்கள்.