கும்பகோணத்திலிருந்து சைக்கிளில்: மேற்கே இருபதா, வடக்கே எழுபதா?

கும்பகோணத்தில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது என்றால், எந்தப் பக்கம் மிதிப்பது என்பதுதான் முதல் சண்டை. மேற்கே போனால் தாராசுரம், பட்டீஸ்வரம், வலஞ்சுழி, சுவாமிமலை என்று ஒரு வட்டம் அடித்து வரலாம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். வடக்கே போனால் காவிரியைத் தாண்டி, சோழபுரம், திருப்பனந்தாள், அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து. இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஓட்டிவிட்டேன். யாராவது கேட்டால் மேற்கு என்றுதான் சொல்வேன். ஆனால் வடக்கை மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை, அதனால்தான் இந்த அலசல்.

ஊருக்குள் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை கும்பகோணம் சைக்கிள்காரனுடையது. சக்கரப் படித்துறையில் இறங்கிக் காவிரியைப் பார்க்கலாம், சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த ஓட்டு வீட்டைக் கடக்கலாம், மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் ஒரு வட்டம் வரலாம். எட்டு மணிக்குமேல் ஊர் ஷேர் ஆட்டோக்களுக்கும் மினி பஸ்ஸுக்கும் போய்விடும். அதற்குள் டிகிரி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். (ஞாயிற்றுக்கிழமை என்றால் இட்லியோடு கடப்பா என்கிற பாசிப்பருப்புக் குழம்பு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்காக அரை மணி நேரம் தாமதமானாலும் குற்றமில்லை.)

கிழக்கே மயிலாடுதுறை சாலையும் இருக்கிறதே என்பார்கள். திருநாகேஸ்வரம், திருபுவனம், திருவிடைமருதூர் எல்லாம் அந்தப் பக்கம்தான். திருபுவனத்துப் பட்டுத் தறிச் சத்தம் கேட்க வேண்டியதுதான். ஆனால் அகலமில்லாத சாலை, முதுகுக்குப் பின்னால் ஓயாமல் ஹாரன் அடிக்கும் பஸ். அந்த ஊர்களுக்கு நானே பஸ்ஸில்தான் போகிறேன்.

சரி, மேற்கு. கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டரில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987-இல் கிடைத்த யுனெஸ்கோ பட்டம் 2004-இல் இதற்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆக, மேற்கிலும் ஒன்று, வடக்கிலும் ஒன்று. பட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தாராசுரத்தின் தனித்தன்மை அதன் சின்னச் சின்ன வேலைப்பாடு. மண்டபத்தையே தேராக்கிச் சக்கரமும் குதிரையும் பூட்டியிருக்கிறார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரியும். மற்றதெல்லாம் கண்ணைக் கொண்டுபோய் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியவை. ஒரே தலை, ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. அறுபத்துமூவர் கதைகள் கைப்பிடி அகலச் சிற்பங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. காரில் வருகிறவர்கள் இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சைக்கிளில் வந்தவனுக்கு அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர்தான் என்பதால் அவசரமில்லை. எனக்கு அங்கே இரண்டு மணி நேரம் போவது வழக்கம்.

தாராசுரத்திலிருந்து பட்டீஸ்வரம் போகும் சாலைதான் இந்தச் சுற்றின் உயிர். வாய்க்கால், வயல், மறுபடியும் வாய்க்கால். திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் ஆறு என்று வெளியூரில் யாரும் கேள்விப்படாத ஆறுகள் இந்தப் பக்கத்தில் ஓடுகின்றன. எல்லாம் காவிரித் தண்ணீர்தான், பெயர்தான் வேறு வேறு. பட்டீஸ்வரத்தில் கூட்டம் துர்க்கைக்கு. நான் பார்க்கச் சொல்வது நந்திகளை. வெயிலில் முத்துப்பந்தலின் கீழ் வரும் ஞானசம்பந்தரைப் பார்க்க, இறைவன் நந்தியை விலகச் சொன்னதாகத் தலக்கதை. அதனால் அவை சற்று ஒதுங்கியே இருக்கும். பக்கத்தில்தான் சோழர்களின் பழைய அரண்மனை ஊரான பழையாறை. இன்று போனால் அரண்மனை எதுவும் கிடையாது, தென்னந்தோப்புதான். ஏமாற்றம்தான், ஆனால் அந்த ஒற்றையடித் தார்ச்சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஏமாற்றமில்லை.

வலஞ்சுழியில் வெள்ளைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுச் சுவாமிமலை. முருகன் கோயிலில் தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் அறுபது படி. மிதித்த காலுக்கு அது கொஞ்சம் கூடுதல் தண்டனை. ஆனால் சுவாமிமலையில் என் நேரம் போவது ஸ்தபதிகளின் பட்டறைகளில். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள், சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள், அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். காலையில் நாம் பார்த்துவந்த ஆற்றின் மண் இங்கே சிலைக்கு மேலுறையாகிறது. மதியம் கோயில் நடை சாத்தினாலும் பட்டறைகள் திறந்திருக்கும் என்பது இந்தச் சுற்றின் இன்னொரு வசதி.

இந்த நடை சாத்தும் சங்கதியில்தான் வடக்கு தோற்கிறது. பன்னிரண்டு மணி சுமாருக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மேற்கே போனவன் அதற்குள் ஊர் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். வடக்கே போனவன் ஐந்து மணிக்கே கிளம்பி, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்து, பத்தரைக்குத் திரும்பினால் உச்சி வெயில் முழுக்கத் தலைமேல். நாலு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருட்டில், அதுவும் லாரிகள் ஓடும் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் தடத்தில். நிழலுக்கும் வடக்கில் பஞ்சம். பழைய சாலை ஊருக்குள் நுழையும் இடங்களில் ஓரளவு மரம் உண்டு, நாலுவழிச் சாலையில் அதுவும் இல்லை.

அப்படியிருந்தும் வடக்கை விட மனசு வராததற்கு ஒரே காரணம் அணைக்கரை. கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டிருக்கிறது. இரு கிளைகளுக்கும் குறுக்கே 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழும்பிய கீழணை. இங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. அந்த ஏரித் தண்ணீர் சென்னைக்குக் குழாயில் போகிறது. அணையின் மேல் போகும் குறுகலான பழைய பாலத்தில் சைக்கிளை நிறுத்தி மதகுகளைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது.

அங்கே நிற்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அணை கட்டக் கல் தேவைப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதிலை இடித்துத்தான் எடுத்துவந்தார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனின் மதில் ஆற்றில் கிடக்கிறது, நாம் அதன்மேல் ஏறி, மதில் இழந்த கோயிலைப் பார்க்கப் போகிறோம். காரில் போனால் அணைக்கும் கோயிலுக்கும் நடுவே கால்மணி நேரம்கூட இருக்காது, இரண்டும் தனித்தனி இடங்களாகவே மனத்தில் பதியும். சைக்கிளில் அந்தத் தூரத்தை மிதிக்கும்போது, இவ்வளவு தூரம் இந்தக் கல்லை எப்படித்தான் கொண்டுவந்தார்களோ என்று முழங்கால் கேட்கும். கோயிலைப் பற்றி எழுதினால் நீளும்: ஏறத்தாழ 180 அடி விமானம், தஞ்சையைவிட உயரம் குறைவு, ஆனால் தஞ்சைபோல விறைத்து நிற்காமல் உள்ளே வளைந்து ஏறும். சண்டேசர் தலையில் சிவன் பூச்சரம் சுற்றும் சிற்பத்தின் எதிரே மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பருவமும் பாதி முடிவைச் செய்துவிடும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்கள். தண்ணீர் இங்கே வந்துசேர இன்னும் சில நாள். அதற்கு முன் கோடையில் வந்தால் காவிரி மணல்தான், இரண்டு வழியுமே வேண்டாம். ஆடியில் தண்ணீர் இருக்கும், காற்றும் இருக்கும். அம்மியே பறக்கிற காற்றில் மேற்கே மிதிப்பது என்ன லட்சணம் என்று மிதித்தவர்களுக்குத் தெரியும். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும் என்பது ஆறுதல். ஐப்பசி கார்த்திகை மழை. எனக்குப் பிடித்தது தை. அப்போது மேற்கே கிராமச் சாலையில் பாதி அகலம் நெல் காயும். மாசி பங்குனியில் உளுந்துச் செடியை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று தார்மேலேயே பரப்பிவிடுவார்கள். சக்கரத்தில் கொடி சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

சைக்கிள் எது? டெல்டாவில் மேடு என்று சொன்னால் பாலத்தின் ஏற்றம்தான். மேற்குச் சுற்றுக்குக் கேரியர் வைத்த பழைய கறுப்பு சைக்கிளே போதும், வாய்க்கால் கரை மண்பாதையில் அதுதான் அசையாமல் போகும். வடக்குக்கு மட்டும் எடை குறைந்த கியர் சைக்கிள் வேண்டும். திரும்பும்போது அந்த எடை வித்தியாசம் புரியும். நண்பர் ஒருவர் போகும்போது மட்டும் மிதித்து, வரும்போது குட்டியானை மினி லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போது சிரித்தேன், அடுத்த தடவை நானும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

போன முறை கொள்ளிடக் கரையில் ஆசைப்பட்டு மண்பாதையில் இறங்கியதில் சீமைக்கருவேல முள் டியூபைப் பதம் பார்த்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில் அந்தப் பெரியவர் முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் தம்பி, கும்பகோணத்துலேர்ந்து பஸ்ஸு இருக்குல்ல?” என்றார். வடக்கே போகிறவர்கள் உபரி டியூப் ஒன்றும் கைப்பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடை கண்ணில் படுவதற்குள் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருந்தேன்.