மராக்காஸா, லாஸ் குவேவாஸா? பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

கரீபியன் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யாரிடம் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு மராக்காஸ் என்றுதான் சொல்வார்கள். டிரினிடாட்டுக்கு வந்த முதல் வருடம் நாங்களும் அங்கேதான் போனோம். இப்போது அதே சாலையில் இன்னும் கால் மணி நேரம் ஓட்டி லாஸ் குவேவாஸுக்குப் போகிறோம். வீட்டில் ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், கூட அத்தை. இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். இளவட்டமாக நாலு பேர் போவதென்றால் மராக்காஸுக்கே போங்கள், மேலே படிக்க வேண்டாம்.

வழி இரண்டுக்கும் ஒன்றே. மரவால் என்ற ஊரைத் தாண்டி மலையேறும் நார்த் கோஸ்ட் ரோடு. இரண்டாம் உலகப்போரில் சாகுவராமாஸ் பகுதியை அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கொடுத்ததில் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரைகள் போய்விட்டன. அதற்கு ஈடாக அமெரிக்கர்கள் போட்டுக் கொடுத்த சாலை இது; 1944இல் திறந்தார்கள். வளைவுகள் அதிகம், சின்னவனுக்குக் குமட்டும். பாதி வழியில் கடல் தெரியும் மேட்டில் வண்டியை நிறுத்தினால் உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்த மாங்காய், புளி உருண்டை எல்லாம் விற்பார்கள். வாயில் ஒரு புளி உருண்டை போட்டால் குமட்டல் அடங்கிவிடுகிறது.

சாப்பாட்டில் மராக்காஸை எதுவும் தொட முடியாது. பேக் அண்ட் ஷார்க் என்பது தடித்த பூரி மாதிரிப் பொரித்த ரொட்டியைப் பிளந்து நடுவில் சுறா வறுவல் வைத்துத் தருவது. அதன்மேல் பூண்டுச் சாறு, கொத்தமல்லி வாசமடிக்கும் ஷாடோ பெனி இலை, புளிச் சட்னி, மிளகாய்ச் சாறு, வெள்ளரி, அன்னாசி என்று நாமே அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ரிச்சர்ட்ஸ் கடையில்தான் வரிசை நீளம். பக்கத்துக் கடைகளும் நன்றாகவே செய்கிறார்கள். சுறா வேண்டாம் என்பவர்கள் கிங்ஃபிஷ் கேட்கலாம், நம் வஞ்சிரத்தின் பங்காளி அது. எங்கள் வீட்டில் இப்போது அதைத்தான் வாங்குகிறோம். சுறாக்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன.

ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

மராக்காஸ் அழகான விரிகுடா. மலையும் தென்னையும் வெள்ளை நுரையும் பார்க்கப் பார்க்க அலுக்காது. அந்த நுரைதான் எனக்குப் பயம். அங்கே அலை உயர்ந்து எழும்பிக் கரையில் வந்து அறையும். முதல் நாளே அத்தை இடுப்பளவுத் தண்ணீருக்குக்கூடப் போகாமல் நின்றுவிட்டார். "புள்ளைங்க கைய விட்றாதம்மா, காலுக்கடியில மண்ண அரிச்சுக்கிட்டுப் போவுது பாரு" என்றார். மெரினாவில் வளர்ந்தவர், அவருக்குத் தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். அடியில் மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் கிடைத்தால் அத்தனை தண்ணீரும் அந்த வழியாகக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரையும் இருக்காது, மேலிருந்து பார்க்க அமைதியாக இருக்கும். அதனாலேயே நீந்தத் தெரியாதவர்கள் அதைத் தேடிப் போய் இறங்குகிறார்கள். இழுவையில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகித்தான் வெளியே வர வேண்டும். பெரியவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்து வயதுக்காரனுக்கு எப்படிச் சொல்வது?

மராக்காஸில் லைஃப்கார்டுகள் இருக்கிறார்கள், கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் யாராவது இறங்கினால் விசில் பறக்கும். ஆனாலும் ஞாயிறு மதியமும், கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாள் புதன்கிழமையும் அங்கே கூடும் கூட்டத்தில் என் பிள்ளையின் தலை எது என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை பத்துப் பதினைந்து விநாடி சின்னவனைக் காணவில்லை. பக்கத்துக் குடும்பத்தின் குடைக்குப் பின்னால் மண் தோண்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு முழுக்க அவன் மணிக்கட்டை நான் விடவில்லை. சாயங்காலம் பார்த்தால் கையில் என் விரல் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வேறு இடம் தேடினோம்.

லாஸ் குவேவாஸ் என்றால் ஸ்பானிஷில் குகைகள். கரையோரப் பாறைகளில் இருக்கும் குகைகளால் வந்த பெயர். விரிகுடாவின் வளைவு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் பெரும்பாலும் தணிந்தே இருக்கிறது. அங்கே சின்னவன் முழங்கால் அளவில் தானாக நின்று விளையாடுகிறான். நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். லைஃப்கார்டு, கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு. கூட்டமும் உண்டு, ஆனால் ஆளை அடையாளம் தெரியும் கூட்டம்.

குறை இரண்டு. வண்டி நிறுத்துமிடம் மேட்டில் இருக்கிறது, படியிறங்கித்தான் மணலுக்குப் போக வேண்டும். அத்தைக்கு முட்டி வலி. கீழே இறங்கினால் கிளம்பும்போதுதான் மேலே ஏறுவார். ஆகவே தேவையானதெல்லாம் ஒரே நடையில் இறங்கிவிட வேண்டும். மராக்காஸில் இந்தத் தொல்லையே இல்லை, எல்லாம் சமதரை.

இன்னொன்று மணல் ஈ. கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி, கடித்தால் இரண்டு மூன்று நாள் அரிக்கும். வெயில் தாழ்ந்ததும், மழை பெய்து ஓய்ந்ததும் கிளம்பி வரும். ஊர்க்காரர்கள் பேபி ஆயில் தடவிக்கொள்கிறார்கள். அந்தப் பிசுக்கில் பூச்சி ஒட்டிக்கொள்ளும். அத்தை தேங்காயெண்ணெய் தடவிவிட்டார், கடி நன்றாகவே குறைந்தது.

நான் லாஸ் குவேவாஸுக்கு நாலு தடவைதான் போயிருக்கிறேன். அதில் மூன்று, மழையில்லாத மாதங்களில். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வட அட்லாண்டிக் புயல்களால் எழும் பெரிய அலைகள் இந்த வடகரை முழுவதையும் தொடும்; கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்த நாளில் லாஸ் குவேவாஸையும் நம்ப மாட்டேன்.

எங்கள் வழக்கம் இப்போது இப்படி: லைஃப்கார்டு மேடையில் ஆள் உட்கார்ந்த பிறகு, பத்தரை மணிவாக்கில் லாஸ் குவேவாஸில் இறங்குகிறோம். மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம். மூன்று மணிக்கு, பூச்சி கிளம்பும் முன், பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிறேன். திரும்பும் வழியில் மராக்காஸில் நிறுத்தினால் மதிய வரிசை கரைந்திருக்கும். ஆளுக்கொரு கிங்ஃபிஷ் பேக், அத்தைக்கு மட்டும் புளிச் சட்னி கூடுதலாக. அலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம், தண்ணீரில் யாரும் கால் நனைப்பதில்லை.